பதினேழாம் நம்பர் கட்டுகள்

ஸ்ட்ரெச்சரின் முன்சக்கரத்துக்கு வலது காலை முட்டுக்கொடுத்து அவள் நின்றாள். தள்ளிக்கொண்டு வந்த வார்டு ஆள் இரண்டு தடவை உந்திப் பார்த்தார். வண்டி நகரவில்லை.

"காலை எடும்மா. கீழ வேன் நிக்குது."

"எடுக்கமாட்டேன்."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. வார்டில் எட்டுக் கட்டில்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவர் மட்டும்தான் திரும்பவில்லை. அது அவளுடைய மாமியார். இறந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. உயிரோடிருந்தால் முதல் ஆளாகத் திரும்பி, "பாருங்கடி, நம்ம வீட்டு அம்மிக்கல்லுக்கு வாய் முளைச்சிருக்கு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருப்பார்.

அம்மிக்கல் என்பது மாமியார் வைத்த பெயர். மருமகள் அதிகம் பேசமாட்டாள், அவசரப்படமாட்டாள், உட்காரவைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள் என்பதற்காக. மாமியாருக்கு அவர் வேலை பார்த்த லாண்டரியில் கஞ்சியக்கா என்று பெயர். கஞ்சி போட்ட துணி மாதிரி எந்நேரமும் ஒரு விறைப்பு. அந்தப் பெயர் அவர் காதுக்குப் போகவில்லை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவருக்கோ பத்து வருஷமாகத் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"என்னம்மா இது?" என்று மாமா முன்னால் வந்தார். மாமியாரின் அண்ணன். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். எதுவும் ஓரிடத்தில் நின்றால் அவருக்குத் தாங்காது. "போன உசுரை நடுவழியில நிறுத்தி வச்சுக்கிட்டு நிக்கறே? வீட்ல எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. நகரு, நகரு."

"காரணம் தப்பா எழுதியிருக்காங்க மாமா."

அவள் கையில் ஆஸ்பத்திரி கொடுத்த காகிதம் இருந்தது. இரண்டே வரி. இதயச் செயலிழப்பு. இயற்கையான மரணம். உறவினர் கையெழுத்து என்ற இடம் காலியாக இருந்தது.

மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். லாண்டரி மேனேஜர். உயிர் போன அரை மணிக்குள் வேனோடு வந்து நின்ற மனிதர். மூன்று நாளாக எட்டிக்கூடப் பார்க்காதவருக்கு இதுமட்டும் எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ. "அம்மாவுக்கு ஏற்கெனவே பிரஷர் இருந்துச்சு இல்லீங்களா. ஹார்ட்டுதானே நின்னுச்சு? அதைத்தானே எழுதியிருக்காங்க. எல்லா ஏற்பாட்டையும் கம்பெனி பாத்துக்கும். நீங்க கையெழுத்தை மட்டும் போட்டுட்டு வாங்க."

"எல்லாருக்கும் கடைசியில ஹார்ட்டுதான் சார் நிக்கும்" என்றாள் மருமகள். "அது ஏன் நின்னுச்சுன்னு எழுதணும்."

கணவன் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். எந்த மாடியில் சிக்கிய லிஃப்டையும் இறக்கிவிடுவான். இரண்டு பேர் சண்டை போட்டால் மட்டும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் தொங்குவான். அவனைப் பார்த்து அவள் சொன்னாள். "நான் டாக்டரைப் பாத்துட்டு வரேன். அத்தையை யாரும் கொண்டுபோகக் கூடாது. நீங்க இங்கயே நில்லுங்க."

அவன் தலையாட்டவில்லை. ஆனால் வந்து, அவள் காலை எடுத்த இடத்தில் தன் காலை வைத்தான்.

*

மூன்று நாளுக்கு முன்னால் அந்த மதியம் லாண்டரியில் அவள் இஸ்திரி ரோலரின் இந்தப் பக்கம் இருந்தாள், மாமியார் அந்தப் பக்கம். துவைத்துப் பிழிந்த பெட்ஷீட்டை விரித்து இந்த வாயில் கொடுத்தால், கொதிக்கும் உருளைகளுக்கு நடுவே புகுந்து, அந்த வாயில் மொடமொடவென்று வந்து விழும். இடையில் பத்தடி நீளத்துக்கு இரும்பும் ஆவியும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அந்த முனையில் மடிப்பவர் இருபது பெட்ஷீட்டை ஒரு கட்டாகக் கட்டி, சீட்டில் தன் நம்பரை எழுதி, பக்கத்துக் கடிகாரப் பெட்டியில் நேர முத்திரை குத்திச் செருகி, சரிவுப் பலகையில் தள்ளிவிட வேண்டும். கட்டு நேராக லாரிக்குப் போய்விடும்.

மாமியார் பதினேழாம் நம்பர். இருபத்திரண்டு வருஷமாக. ஆஸ்பத்திரிப் பெயர் அச்சிட்ட முத்திரைப் பக்கம் மேலே, மடிப்பு முனை வலது கைப்பக்கம், நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று. ஒரு விரல் அகலம் பிசகினாலும் பிரித்துவிடுவார். மருமகள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அவள் கட்டிய கட்டை ஒன்பது தடவை பிரித்துப் போட்டார். ஒன்பதாவது தடவை அவள் கண் கலங்கியதைப் பார்த்து, "அழுதா பெட்ஷீட் நனையும். மறுபடி ரோலர்ல விடணும். கரண்டு யாரு குடுப்பா?" என்றார். வீட்டுக்குப் போனதும் அவரே காபி போட்டுக் கொடுத்தார். அவருடைய சமாதான உடன்படிக்கை எல்லாம் காபியில்தான் கையெழுத்தாகும்.

இரண்டு மாதமாக ஜன்னல்களைப் பிளாஸ்டிக் ஷீட் போட்டு அடைத்திருந்தார்கள். எங்கோ ஒரு பெட்ஷீட் கட்டுக்குள் ஒரு காய்ந்த இலைத்துணுக்கு இருந்ததாம், ஆஸ்பத்திரிக்காரர்கள் புகார் சொன்னார்களாம். அதற்காக நாற்பது பெண்களை வேகவைத்தார்கள். தண்ணீர் குடிக்க வெளியே போக வேண்டும். வெளியே போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். சூப்பர்வைசர் குளிர் அறைக்குள் இருப்பார். அன்றைக்குப் பார்த்து மாமியாரோடு சேர்ந்து மடிக்கிற பெண்ணும் லீவு. "ஒருத்தியே பாத்துக்கறேன் போங்கடி" என்று மாமியார் சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான்.

இரண்டு மணி சுமாருக்கு அந்தப் பக்கம் பெட்ஷீட்கள் எடுக்க ஆளில்லாமல் குவிந்து ரோலர் திணறியது. மருமகள் சுற்றி ஓடினாள். மாமியார் மேஜைக்கு அடியில் கிடந்தார். தொட்ட கையை எடுக்க வேண்டியிருந்தது, அப்படிச் சுட்டது. நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

லாண்டரிக்காரிகளுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்: ஈரத் துணி. அலசும் தொட்டியிலிருந்து சொட்டச் சொட்டப் பெட்ஷீட்களை இழுத்து வந்து தலையிலிருந்து கால்வரை சுற்றினாள். சூடேறியதும் உருவி எறிந்து அடுத்தது. இரண்டு பெண்கள் பெரிய மின்விசிறியைத் தரதரவென்று இழுத்து வந்தார்கள். சூப்பர்வைசர் வந்து, "துவைச்ச துணியை ஏன்மா தரையில போடறீங்க?" என்றார். அவரை யாரும் மனுஷனாகவே மதிக்கவில்லை. ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிஷம் ஆனது. அதற்குள் முப்பத்தோரு பெட்ஷீட் மாறின. இருபத்தைந்தாவதிலோ என்னவோ மாமியார் கண்ணைத் திறந்து, தன்னைத்தானே மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏண்டி, என்னையும் துவைக்கப் போட்டுட்டீங்களா?" என்றார்.

நாற்பது பேரும் சிரித்தார்கள். பிழைத்துவிட்டார் என்றுதான் நினைத்தார்கள். பிழைக்கவில்லை. உள்ளே வெந்துபோன இதயம் மூன்று நாள் தட்டுத் தடுமாறி ஓடியது.

இரண்டாம் நாள் மாலை, மூக்கில் குழாயோடு, மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போன வருஷம் சோப்புக்காரி போனாளே, ஞாபகமிருக்கா?"

சோப்புக்காரி என்பது துவைக்கும் இயந்திரத்துக்குச் சோப்புக் கரைசல் ஊற்றியவள். இதே மாதிரி ஒரு கோடையில், வேலை நடுவே சுருண்டவள். ஹார்ட் அட்டாக் என்றார்கள்.

"அவளுக்கு முப்பத்திநாலு வயசுடி. அந்த வயசுல என்ன ஹார்ட் அட்டாக்? எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஒருத்தியும் வாயைத் திறக்கல. மறுநாள் காலையில வழக்கம்போல போய் மெஷின் முன்னாடி நின்னுட்டோம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்கும் அப்படித்தான் எழுதுவாங்க. விட்டுடாதே. இல்லாட்டி அடுத்து உன்னை எழுதுவாங்க."

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது அத்தை."

"ஆகும்டி. நான் கணக்கா சொல்றேன். நீ நகராதே. அது ஒண்ணுதான் உனக்கு வரும்."

அவள் வாழ்க்கையில் மாமியார் கொடுத்த ஒரே பாராட்டு அது.

*

டாக்டரம்மா கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் கத்தியிருக்கலாம். இரண்டு நாளாகத் தூங்காத கண்ணோடு, காகிதக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து, அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா இங்க வரும்போது ஜுரம் நூத்தியொண்ணுதான். ஹீட் ஸ்ட்ரோக்னா நூத்திநாலு தாண்டியிருக்கணும். புத்தி தடுமாறியிருக்கணும். இவங்க என்கிட்ட நல்லாத்தானே பேசினாங்க? பேரு கேட்டா, 'பேரை வச்சு என்ன பண்ணப் போறீங்க, ஊசியைப் போடுங்க'ன்னு என்னையே திட்டினாங்க."

"நான்தான் டாக்டர் குளிர வச்சேன். ஈர பெட்ஷீட் சுத்தி. அம்பது நிமிஷம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதனாலதான் ஜுரம் இறங்கியிருக்கு" என்றாள் அவள். "நான் அப்படியே கொண்டுவந்திருந்தா நீங்க பாத்திருப்பீங்க."

"அப்படியே கொண்டுவந்திருந்தா ஆம்புலன்ஸ்லயே போயிருப்பாங்கம்மா. நீங்க பண்ணினது சரி. நாங்க பண்றதும் அதேதான். அந்த மூணு நாளும் நீங்க குடுத்ததுதான்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா நான் பாக்காததை நான் எழுத முடியாது. நாளைக்கு உங்க கம்பெனி கேள்வி கேட்டா, என் கையில என்ன இருக்கு? விழறதுக்கு முன்னாடி அவங்க குழம்பினாங்க, தப்பா ஏதாவது பேசினாங்க, செஞ்சாங்கன்னு யாராவது பாத்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் ஆளே இல்லை. அவளோ பத்தடிக்கு இந்தப் பக்கம், ஆவிக்குப் பின்னால், பெட்ஷீட்டை விரித்து விரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரமாக ஒரு மனுஷி வெந்துகொண்டிருந்திருக்கிறார். அவள் அடுத்த பெட்ஷீட்டை எடுத்திருக்கிறாள்.

"யாரும் பாக்கல டாக்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வார்டில் ஸ்ட்ரெச்சரும் கணவனின் காலும் அப்படியே இருந்தன. மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் போனில் யாரிடமோ, "அஞ்சு நிமிஷம், அஞ்சே நிமிஷம்" என்றார். மாமியாரின் முகத்தை மூடியிருந்த துணியில் ஒரு மருந்துக் கறை இருந்தது. மருமகளால் அதைத் தாங்க முடியவில்லை. வேறு எதைத் தாங்கிக்கொண்டாலும் கறைத் துணிக்கு அடியில் அவரைப் படுக்க வைப்பதா?

"சிஸ்டர், வேற பெட்ஷீட் ஒண்ணு குடுங்க."

வார்டு சிஸ்டர் பருத்த உடம்பு, கறார் பேச்சு. இடுப்புச் சாவியைக் குலுக்கிக்கொண்டே அலமாரியைத் திறந்தார். "மேல் தட்டுல இருக்கறதை எடு. கீழ இருக்கறதைத் தொடாதே, அது ரிட்டர்ன் போகுது. இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு மடிப்பை நான் பாத்ததில்ல. எந்தப் புண்ணியவதி கையோ, கண்ணை மூடிக்கிட்டு மடிச்சிருக்கா."

மருமகள் கீழ்த் தட்டைப் பார்த்தாள். ஐந்து கட்டுகள். ஒவ்வொன்றிலும் செருகியிருந்த மஞ்சள் சீட்டு. தங்கள் லாண்டரியின் சீட்டு. இந்த ஆஸ்பத்திரிக்கும் தங்கள் பெட்ஷீட்தான் வருகிறது என்பது அவளுக்குத் தெரியாததா? மூன்று நாளாக அதன்மேல்தான் மாமியார் படுத்திருந்தார். ஆனாலும் அந்தக் கணம்வரை தோன்றவே இல்லை.

குனிந்து முதல் சீட்டை உருவினாள். பதினேழு. முத்திரை: அதே தேதி, பன்னிரண்டு ஐம்பது.

அந்தக் கட்டு அப்பழுக்கில்லாமல் இருந்தது. நான்கு மூலையும் கத்தி போல. மற்ற நாலோடு கூட வந்தது என்பதால் சிஸ்டர் அதையும் ஒதுக்கி வைத்திருந்தார். இரண்டாவது, ஒன்று பத்து. முத்திரைப் பக்கம் உள்ளே போயிருந்தது. மாமியார் உயிரே போனாலும் செய்யாத காரியம். மூன்றாவது, ஒன்று முப்பது. எண்ணினாள். இருபதுக்குப் பதில் பதின்மூன்று. நடுநடுவே தலையணை உறைகள். சீட்டில் எழுபத்தொன்று என்று எழுதி, அடித்து, மறுபடியும் எழுபத்தொன்று என்றே எழுதியிருந்தது. நான்காவது கட்டில் மடிப்பு என்பதே இல்லை. பெட்ஷீட்களைச் சுருட்டி, முனைகளை ஒன்றோடொன்று முடிந்திருந்தார். ஐந்தாவதில் முத்திரை ஒன்று ஐம்பத்தெட்டு. சீட்டில் நம்பர் இல்லை, கோணல்மாணலாக நாலு கோடுகள். அந்தக் கட்டை அவிழ்த்தபோது உள்ளிருந்து ஒரு வெள்ளைத் தொப்பி விழுந்தது. வேலை நேரத்தில் தலையில் மாட்டுகிற தொப்பி. அதை எட்டாக மடித்து, மூலைக்கு மூலை சரியாக வைத்து, இருபதாவது உருப்படியாக அடுக்கியிருந்தார்.

அப்போதுதான் அவள் அழுதாள். உயிர் போனபோது வராத அழுகை. அலமாரியின் முன்னால் தரையில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். தன்னந்தனியாக, புத்தி கலங்கி, எது பெட்ஷீட் எது தொப்பி என்று தெரியாமல் நின்றபோதும் அந்தக் கை மடித்துக்கொண்டே இருந்திருக்கிறதே! தண்ணி வேணும் என்று ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா? விறைப்பு பிடித்த மனுஷி. பாழாய்ப்போன வீம்பு.

"என்னம்மா, என்ன ஆச்சு?" என்று சிஸ்டர் பதறிப்போனார்.

"அந்தப் புண்ணியவதி இவங்கதான் சிஸ்டர்" என்று ஸ்ட்ரெச்சரைக் காட்டினாள்.

சிஸ்டர் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார், கட்டுகளைப் பார்த்தார். பாதி ஓட்டமாகப் போய் டாக்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

*

காலியாயிருந்த கட்டிலில் ஐந்து கட்டுகளையும் வரிசையாக வைத்து மருமகள் பேசினாள். ஐந்து வருஷக் குடித்தனத்தில் அவள் அவ்வளவு பேசி அவள் கணவனே கேட்டதில்லை. முத்திரைப் பக்கம் என்றால் என்ன, மடிப்பு முனை எங்கே வர வேண்டும், எங்கே வந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினாள். ஒவ்வொரு சீட்டின் நேரத்தையும் படித்தாள். "பன்னெண்டு அம்பதுக்கு எங்க அத்தை நல்லா இருந்தாங்க. ஒண்ணு பத்துக்குத் தடுமாற ஆரம்பிச்சிருக்கு. ஒண்ணரைக்கு நம்பர் மறந்துபோச்சு. ரெண்டு மணிக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது, தலையில இருந்ததைக் கழட்டி மடிச்சிருக்காங்க. அப்புறம் விழுந்திருக்காங்க. யாரும் பாக்கலைன்னு சொன்னேன் டாக்டர். தப்பா சொல்லிட்டேன். அவங்களே எழுதி வச்சிருக்காங்க."

டாக்டர் தொப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரத்த ரிப்போர்ட் முதல் நாள்லேர்ந்தே எனக்கு உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு" என்றார் மெதுவாக. "தசையெல்லாம் உடைஞ்சிருக்கு, கல்லீரல் அடிபட்டிருக்கு. வெறும் ஹார்ட் அட்டாக்ல இதெல்லாம் இவ்வளவு ஏறாது. இது சேர்ந்தா எல்லாம் பொருந்துது." அவள் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, நடுவில் கிழித்தார். "நான் போட்ட கையெழுத்தை நானே வாங்கிக்கறேன். ஆனா ஒண்ணு. இப்ப இது வேலையில நடந்த சாவு. போஸ்ட்மார்ட்டம் பண்ணியாகணும். நாளைக்குத்தான் உடம்பு கிடைக்கும்."

"வெட்டறதா?" மாமா பதறினார். "என் தங்கச்சியையா? வேணவே வேணாம். டேய், உங்கம்மாடா. சொல்லு, வேணாம்னு சொல்லு."

எல்லோரும் கணவனைப் பார்த்தார்கள். அவன் இன்னும் சக்கரத்திலிருந்து காலை எடுக்கவில்லை.

"அம்மா ஒரு கட்டைத் தப்பா அனுப்பினதில்ல மாமா" என்றான். "இவங்க எழுதற சீட்டும் தப்பில்லாம போகட்டும். நாளைக்கே எடுத்துக்கலாம்."

மாமா அங்கேயிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, "அவ சின்ன வயசுலயே அப்படித்தான். வண்டி கிளம்பினாலும் ஏறமாட்டா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

இத்தனை நேரம் போனும் கையுமாக நின்ற மேனேஜருக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டிலை நோக்கி இரண்டு எட்டு வைத்து, "இது எங்க கம்பெனி உருப்படி. ரிட்டர்ன்தானே? நான் போகும்போது எடுத்துட்டுப் போயிடறேன்" என்று ஐந்தாவது கட்டின்மேல் கை வைத்தார்.

"கையை எடுங்க சார்" என்றார் சிஸ்டர்.

"இல்ல, ரிட்டர்ன்..."

"ரிட்டர்னுக்கு ஃபார்ம் இருக்கு. மூணு காப்பி. ஸ்டோர்ல ஒரு சீல், ஆபீஸ்ல ஒரு சீல், சூப்பரிண்டெண்ட் கையெழுத்து. அவர் லீவுல இருக்கார்." சிஸ்டர் கட்டுகளை மார்போடு அணைத்து எடுத்து அலமாரியில் வைத்தார், தொப்பியையும் சீட்டுகளையும் சேர்த்து. பூட்டினார். சாவியை இடுப்பில் செருகி, ஒரு தட்டுத் தட்டினார். "என் வார்டுல ஒரு தலையணை உறைகூட ஃபார்ம் இல்லாம வெளிய போனதில்ல. கேட்டுப் பாருங்க."

தலைகீழாக நின்றாலும் நடக்காது என்று மேனேஜருக்குப் புரிந்துவிட்டது. வேன் காலியாகத் திரும்பிப் போனது. மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து மருமகள் அதைப் பார்த்தாள். துக்கத்தின் நடுவே இப்படி ஒரு சந்தோஷம் வரலாமா என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் வந்தது. மார்பு நிறைய வந்தது.

*

மறுநாள் பதினொரு மணிக்கு உடம்பு வீட்டுக்கு வந்தது. கூடவே காகிதமும். இந்தத் தடவை ஏழு வரி. டாக்டர் நிறுத்தி நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தார். மருமகள் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையிலேயே வைத்திருந்தாள். யார் கேட்டாலும் காட்டினாள், கொடுக்கவில்லை.

பன்னிரண்டடிக்கக் கால் மணி இருக்கும்போது தெருமுனையில் லாண்டரிப் பெண்கள் வந்தார்கள். முதலில் நாலைந்து பேர் என்று நினைத்தாள். வளைவு திரும்பித் திரும்பி வந்துகொண்டே இருந்தார்கள். வெள்ளை மேலங்கியோடு, வேலைக்குக் கிளம்பிய கோலத்தில், கையில் சாப்பாட்டுப் பையோடு. பன்னிரண்டு மணி ஷிஃப்ட் மொத்தமும். லாண்டரி கேட்டுக்குள் போகாமல் அதைத் தாண்டி நேராக இங்கே நடந்து வந்திருக்கிறார்கள்.

"வேலைக்குப் போகலையா?" என்றாள் மருமகள்.

"போறதா?" என்றாள் மாமியாரோடு மடிக்கிறவள். அன்றைக்கு லீவு போட்டவள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "சோப்புக்காரி செத்தப்ப போனோமே, அது போதாதா? முதல்ல அந்தப் பேப்பரைக் காட்டு."

வரிசையாக வந்து, மாமியாரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, காகிதத்தைப் படித்தார்கள். படிக்கத் தெரியாத இரண்டு பேருக்கு மற்றவர்கள் படித்துச் சொன்னார்கள். ஒவ்வொருத்தியும் போனில் படம் எடுத்துக்கொண்டாள். துவைக்கிற பகுதிப் பெண் ஒருத்தி மாமியாரின் தலைமாட்டில் குனிந்து, "கஞ்சியக்கா, ஜெயிச்சுட்டேக்கா" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பெயரை முகத்துக்கு நேரே சொன்னது அதுவே முதல் தடவை.

பன்னிரண்டரைக்கு ஒருத்தியின் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, "ஆபீசு" என்று மறுபடி பைக்குள் போட்டாள். அது ஓய்ந்ததும் இன்னொருத்தி பையில். அதன் பிறகு மூன்றாமவள். ஆபீசில் வருகையைப் பதிகிற பெண் பட்டியலைப் பார்த்து மேலிருந்து கீழாக ஒவ்வொரு நம்பராகக் கூப்பிடுகிறாள் என்று புரிந்தது. புதிதாகச் சேர்ந்த பெண். வராதவர்களிடம் காரணம் கேட்டு எழுதுவது அவள் வேலை. யாரும் எடுக்கவில்லை. ஒரு போன் அடிப்பதும் ஓய்வதும் அடுத்தது அடிப்பதுமாகக் கூட்டத்தில் அந்தச் சத்தம் நகர்ந்து நகர்ந்து வந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்கள். மாமாகூட, "எந்த ஸ்டாப்லயும் நிக்க மாட்டேங்குது" என்றார்.

பிறகு மருமகளின் கைப்பையில் ஒரு போன் அடித்தது. அவளுடையது இல்லை. நேற்று ஆஸ்பத்திரியில் துணிமணிகளோடு சேர்த்துக் கொடுத்த மாமியாரின் போன்.

சிரிப்பு நின்றுவிட்டது. கணவன் அவளைப் பார்த்தான். அவள் போனை எடுத்தாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பதினேழாம் நம்பருங்களா?" இளசான, அவசரமான குரல். பெயரைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து அழுத்தியிருக்கிறாள். "ஷிஃப்ட் ஆரம்பிச்சு அரை மணி ஆச்சுங்க. ஏன் வரலைன்னு காரணம் சொல்லுங்க, எழுதணும்."

மருமகள் பிளாஸ்டிக் உறையிலிருந்து காகிதத்தை வெளியே எடுத்தாள்.

"சொல்றேன், எழுதிக்கோங்க" என்றாள். ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். "வேலை செய்யும் இடத்தில் கடும் வெப்பத்தால் ஏற்பட்ட வெப்பத் தாக்கு. அதன் விளைவாக இதயச் செயலிழப்பு. மரணம்."

மறுமுனையில் எங்கோ பின்னால் சூப்பர்வைசர், "என்னவாம்? என்னவாம்?" என்பது கேட்டது.

"ஐயோ, அம்மா, மன்னிச்சிடுங்க" என்றாள் அந்தப் பெண். "நான் பாக்காம..."

"பரவாயில்லம்மா. உன் வேலையைத்தானே செய்யறே. எழுதிட்டியா?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"வேலை செய்யும் இடத்தில்... அப்புறம் சொல்லுங்க" என்றது போன்.

மருமகள் மறுபடி முதலிலிருந்து, நிதானமாகப் படித்தாள். அந்தப் பெண் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதினாள். "எழுதிட்டேங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

உடனே அடுத்த போன் அடித்தது. மாமியாரோடு மடிக்கிறவளுடையது. பதினெட்டாம் நம்பர். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இந்தத் தடவை எடுத்தாள்.

"எனக்கும் அதே காரணம்தாம்மா" என்றாள். "மேல எழுதினியே, அதையே எழுதிக்கோ."

மற்றவர்கள் பைகளிலிருந்து போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தங்கள் முறைக்காக வெயிலில் நின்றார்கள்.